சுட்ட பழமும் சுடாத துளையும்: ஓர் ஆய்வு

இயல் 1: தோற்றுவாய்

வீட்டு ஓவனில் பழம் சேர்த்துச் சுட்டு, மேலே பெர்ரிப் பாகு பூசி உண்ணப்படும் டோனட் குறித்துத் தமிழில் இதுவரை முழுமையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். ஆயினும், ‘இதுவரை எவரும் ஆராயாதது’ என்ற ஒன்றே ஒரு பொருளை ஆராயப் போதுமான தகுதி என்று நம் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருப்பதால் இவ்வாய்வாளர் துணிந்தார்.

ஆய்வு எல்லை: ஒரு வீட்டு ஓவன், ஆறு குழி கொண்ட டோனட் அச்சு, ஒரு மிக்சி. ஆய்வுக் கருதுகோள்: டோனட்டின் நடுவில் துளை உண்டு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே எனின், அற்றன்று. எல்லோருக்கும் தெரிந்ததை எவருக்கும் புரியாதபடி நிறுவுவதே ஆய்வு நெறி. அணுகுமுறைகள்: வரலாற்று அணுகுமுறை, ஒப்பீட்டு அணுகுமுறை, விளக்கமுறை அணுகுமுறை, வேறு வழியில்லாத இடங்களில் நாக்கு.

சுடுதல் இருவகைப்படும். அடுப்பில் சுடுவது ஒன்று. பிறர் ஆய்வேட்டிலிருந்து சுடுவது மற்றொன்று. பின்னதற்கு நூலகங்களில் போதிய சான்றுகள் குவிந்து கிடப்பதால் முன்னது மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முதன்மை ஆதாரம், சின்னம்மாவின் பால் கணக்கு நோட்டு. இனி ‘பால்நோட்டுச் சுவடி’ எனப்படும். துணைமை ஆதாரங்கள், மாடிவீட்டு அக்காவும் கீழ்வீட்டு மாமியும் வெவ்வேறு காலங்களில் வாய்மொழியாக அருளியவை. இவர்கள் இனி முறையே மேன்மாடத்தார், கீழ்மனையார் எனப்படுவர். இருவருக்கும் இது தெரியாது. ஆய்வேடுகளில் நன்றியுரை ஆய்வைவிட நீளமாக அமைவது மரபு. இடமின்மையால், ஆய்வு நடந்த மாலை முழுதும் சமையலறைப் பக்கம் வராதிருந்த மாமியாருக்கு மட்டும் நன்றி.

இயல் 2: முன்னோர் முடிபுகள்

டோனட்டை அச்சில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவராக அறிஞர் உலகம் வாஷிங்டன் இர்விங்கைச் சுட்டும். 1809-இல் வெளிவந்த அவருடைய நியூயார்க் வரலாற்றில், டச்சுக் குடியேறிகள் இனிப்பு மாவை உருண்டையாக்கிப் பன்றிக் கொழுப்பில் பொரித்துத் தேநீர் விருந்துகளில் குவித்து வைத்த செய்தி வருகிறது. டோனட் என்ற பெயரும் வருகிறது. பின்வந்த கட்டுரையாளர்கள் சலிக்காமல் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களுள் பலர் சொல்லாமல் விடுவது, அந்த நூலே ஒரு கேலி என்பதை. டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்று இல்லாத ஒரு டச்சு வரலாற்றாசிரியரைப் படைத்து, அவர் பெயரில், மெய்யான வரலாற்றுப் பண்டிதர்களைப் பரிகசிக்க இர்விங் எழுதியது அது. நூல் வருமுன்பே, அந்த இல்லாத கிழவர் தங்கியிருந்த விடுதியிலிருந்து காணாமல் போய்விட்டார் என்று செய்தித்தாளில் அறிவிப்பும் கொடுத்திருந்தார். ஆக, டோனட் ஆய்வு தன் முதல் அடியையே ஒரு போலி ஆய்வின்மேல் எடுத்து வைத்தது. அதற்குப் பின் அது நிமிரவே இல்லை.

இர்விங்குக்கு முந்திய சான்று உண்டு என்பாரும் உளர். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் எலிசபெத் டிம்ஸ்டேல் என்ற சீமாட்டி 1800 வாக்கில் வைத்திருந்த சமையல் குறிப்பேட்டில் டோனட் இருக்கிறது. அமெரிக்கர் இதனால் சற்று மனம் வருந்தினர்.

இனித் துளை. 1847-இல், மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹான்சன் கிரிகரி என்ற கப்பல் பையன், பொரித்த பணியாரத்தின் ஓரம் வெந்து நடுவே பச்சை மாவாகவே இருந்ததைப் பொறுக்காமல், மிளகுத் தகரப் பெட்டியின் மூடியால் நடுவை வட்டமாக வெட்டி எறிந்தான் என்பது வரலாறு. அப்போது வயது 16. இதற்குச் சாட்சி யார் எனின், அவரேதான். கேப்டனாக ஓய்வுபெற்று முதியவராகிவிட்ட நிலையில், 1916-இல் ஒரு செய்தித்தாளிடம் சொன்னார். சம்பவத்துக்கும் சாட்சியத்துக்கும் இடையே 69 ஆண்டு. நம் கல்வெட்டாய்வில் இதைவிட நீண்ட இடைவெளிகளை எளிதாகத் தாண்டியிருக்கிறோம்.

கிரிகரியின் உரிமையை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. பணியாரத்தின் நடுவே ஒரு செவ்விந்தியரின் அம்பு பாய்ந்ததால் துளை உண்டாயிற்று என்று எதிர்க்கட்சி எழுந்தது. 1941-இல் நியூயார்க் ஆஸ்டர் ஓட்டலில் இதற்கென்று ஒரு பட்டிமன்றமே நடந்தது. நடுவர்கள் கிரிகரி கட்சிக்கே தீர்ப்பு வழங்கினார்கள். ‘மூடியும் வேண்டும், அம்பும் வேண்டும், இரண்டும் நாணயத்தின் இரு பக்கங்கள்’ என்று சொல்லிப் பொன்னாடை போர்த்திக்கொண்டு இறங்கும் கலை அங்கே வளராதது வியப்பே.

1917-இல் பிரான்சுப் போர்முனையில் இரட்சணிய சேனைப் பெண்கள் படைவீரர்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் கட்டுரை எழுதவில்லை. டோனட் மட்டும் செய்தார்கள். ஆதலால் அவர்களைப் பற்றி ஒரு பத்தி போதும்.

துளையிட்டவன் தமிழனே, மெதுவடையே சான்று என்றொரு கோட்பாடு விரைவில் எங்காவது ஒரு கருத்தரங்கில் வாசிக்கப்படும். கட்டுரையாளருக்கு ஐந்து நிமிடம் தரப்படும். அதில் மூன்று, மேடையிலிருப்போரை விளிப்பதில் கழியும். நடு வேகவேண்டும் என்ற கவலை கடாயுள்ள நாடெல்லாம் உண்டு என்று அவையில் யாராவது எழுந்து சொல்லக்கூடும். அதற்குள் உணவு இடைவேளை அறிவிக்கப்பட்டுவிடும்.

இயல் 3: மூலபாடமும் உரைகளும்

பால்நோட்டுச் சுவடி தரும் பாடம் வருமாறு: ‘மைதா 1 கப். சர்க்கரை ⅓ கப். பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். சோடா கால். உப்பு கொஞ்சம். முட்டை 1. கெட்டி மோர் அரை கப். உருக்கின வெண்ணெய் 2 பெரிய ஸ்பூன். பழம் ஒரு கை. ஓவன் 180. முக்கால் குழி. பார்த்து எடு.’

இதன் நடை சூத்திர நடை. ஓரெழுத்தும் மிகையில்லை. ‘சோடா கால்’ என்பதைக் கால் கப் என்று கொண்ட ஓர் உரை மரபு முன்பு இருந்தது. ஒரே மாலையில் அழிந்தது. கால் டீஸ்பூன் என்பதே பொருள். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு உடனே கிளம்பும். பேக்கிங் பவுடரோ ஈரம் பட்டதும் ஒருமுறையும் சூடு ஏறியதும் ஒருமுறையும் பொங்கும். எனவே மாவைக் கலந்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பவர் முதல் பொங்கலை இழப்பர் என்க.

உலர்ந்தவற்றை ஒரு பாத்திரத்திலும் ஈரமானவற்றை இன்னொன்றிலும் கலந்து, பின் இரண்டையும் ஒன்றாக்கி, மைதாவின் வெண்மை மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். மேலும் கிண்டினால் குளூட்டன் இறுகி டோனட் ரப்பராகும். அறுத்துப் பார்த்தால் உள்ளே சுரங்கப் பாதைகள் தெரியும். சிறு கட்டிகள் இருக்கலாம். ‘கட்டி இருக்கலாம்’ என்பதை எந்தத் தமிழ்ச் சமையலறையும் மனதார ஏற்றதில்லை. கீழ்மனையார் இவ்விடத்தில் ‘கட்டியோட யாராவது ஊத்துவாளா?’ என்று எதிர்மறையாக உரை வகுத்தார் (கீழ்மனையார், தோசை வார்த்துக்கொண்டே சன்னல் வழியாகக் கூறியது, இரண்டாம் தோசைக்கும் மூன்றாம் தோசைக்கும் இடையே).

சுவடியின் இறுதித் தொடரான ‘பார்த்து எடு’ கடும் விவாதத்துக்குரியது. கடிகாரத்தைப் பார்த்து எடு என்பது முதல் உரை. இவ்வுரையின்படி பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். நிறத்தைப் பார்த்து எடு என்பது இரண்டாம் உரை. விளிம்பு பொன்னிறமாகி, விரலால் அழுத்தினால் குழி விழாமல் மேலெழ வேண்டும். மூன்றாம் உரையைச் சின்னம்மாவே நேரில் தெளிவுபடுத்தினார்: ‘கை சுட்டுக்கப் போற, பார்த்து எடுன்னு எழுதினேன்.’ மூலநூலாசிரியர் உயிருடன் இருப்பது உரையாசிரியர்களுக்கு எவ்வளவு பெரிய இடையூறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்றில்லை. இவ்வாய்வு முதல் இரு உரைகளையே கொள்கிறது.

இயல் 4: கரண்டி

கரண்டி பற்றிக் கூறத்தக்கது ஒன்றுமில்லை.

இயல் 5: துளை

இவ்வாய்வின் உயிர்நிலை இந்த இயல். நேரமில்லாத தேர்வாளர்கள், வழக்கம்போல, முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

துளை என்பது டோனட்டின் பகுதியா, டோனட் இல்லாத பகுதியா? பகுதியெனின் அதை உண்ண இயல வேண்டும். பகுதியன்று எனின், டோனட் முழுவதையும் தின்ற பின் துளை மட்டும் தட்டில் எஞ்ச வேண்டும். எஞ்சுவதில்லை என்பது களஆய்வில் தெரியவந்தது.

மேலைநாட்டார் இதை விட்டுவைக்கவில்லை. 1970-இல் டேவிட் லூயிஸ், ஸ்டெஃபனி லூயிஸ் என்னும் தத்துவ இணையர் ‘துளைகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இருவர் உரையாடுகிறார்கள்; பாலாடைக்கட்டியில் துளை உண்டா இல்லையா என்பதே பேச்சு. உலகில் சடப்பொருள் தவிர வேறில்லை என்று சாதிக்கும் ஒருவர், துளை என்பது துளையைச் சூழ்ந்த உட்சுவரே என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார். மற்றவர் விடுவதாயில்லை. 1994-இல் காசாட்டி, வார்சி என்னும் இருவர் துளைகளுக்கென்றே முழுநூல் எழுதினர். இவை இவ்வாய்வாளரின் கற்பனை அல்ல. கற்பனையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கும்.

துளையே உட்சுவர் என்ற முடிபை ஏற்றால் மேற்பூச்சுப் பூசும்போது துளைக்கும் பூசியாக வேண்டும். அச்சுத் தட்டில் வெந்த டோனட்டின் மேற்பாதியை மட்டும் பாகில் தோய்ப்பதே வழக்கம். பாகு உட்சுவரில் பாதிவரை இறங்கி நின்றுவிடும். அப்படியாயின் துளையில் பாதிக்குத்தான் இனிப்பு. மீதிப் பாதியின் தத்துவ நிலை என்ன என்று மேன்மாடத்தாரிடம் கேட்டபோது அவர் அளித்த விடை முழுமையாகக் கிடைக்கவில்லை (மேன்மாடத்தார், துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து கூறியது, முற்பாதி ஈரப் போர்வையை உதறிய ஒலியிலும் பிற்பாதி கீழ்மனையாரின் மிக்சி ஒலியிலும் சிதைந்தது, ‘வேற வேலை’ என்ற இரு சொற்கள் மட்டும் ஐயமின்றிப் படிக்கத் தக்க நிலையில் உள்ளன).

நம்மவர் இதில் மேலைநாட்டாருக்கு இளைத்தவரல்லர். தருக்க நூலார் இன்மையையும் ஒரு பொருளாகவே கொண்டு நான்காகப் பகுத்தனர்: முன்னின்மை, அழிவுபாட்டின்மை, என்றுமின்மை, ஒன்றினொன்றின்மை. குடம் வனைவதற்கு முன் குடம் இல்லாதது முதலாவது; உடைந்தபின் இல்லாதது இரண்டாவது; ஓரிடத்தில் எக்காலத்தும் இல்லாதது மூன்றாவது; குடம் ஆடை அன்று என்பது நான்காவது. இத்துணை நுட்பமான கருவி நூற்றாண்டுகளாகக் குடத்தின் மேலேயே செலவழிக்கப்பட்டுவிட்டது. டோனட்டை அதன் கையில் யாரும் கொடுக்கவில்லை.

கொடுத்துப் பார்ப்போம். எண்ணெயில் பொரிக்கும் டோனட்டில் மாவை வட்டமாகத் தட்டி நடுவை வெட்டி எடுக்கிறார்கள். அங்கே முன்பு மாவு இருந்தது, பின்பு இல்லை. ஆகவே அந்தத் துளை அழிவுபாட்டின்மை. அற்றன்று, வெட்டிய நடுவையும் உருண்டையாகப் பொரித்து, டோனட் துளை என்றே பெயரிட்டு அமெரிக்கக் கடைகளில் விற்கிறார்களே எனின், அது இன்மைக்கு விலைச்சீட்டு ஒட்டிய செயல், வணிகவியலார் ஆராயட்டும்.

வீட்டு ஓவனில் சுடும் டோனட்டின் நிலையே வேறு. அதன் அச்சில் ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு சிறு தகரக் குமிழ் நிற்கிறது. மாவு அதைச் சுற்றித்தான் ஊற்றப்படுகிறது. அவ்விடத்தில் மாவு முன்பும் இருந்ததில்லை. வெட்டி எடுக்கப்பட்டதும் இல்லை. ஆகவே இது என்றுமின்மை. பொரித்த துளையும் சுட்ட துளையும் பார்வைக்கு ஒன்றாயிருப்பினும் வகையால் வேறு என்பது இதனால் பெறப்பட்டது. இது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. பொரிக்காதது டோனட்டே அன்று, துளையுள்ள மஃபின் என்று இகழும் கட்சியாருக்கு இதுவே விடை. (மாவைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி, அது மஃபின் மாவுதான். ஆனால் துளை பேசும்போது மாவைப் பற்றிப் பேசுவது திசைதிருப்பல்.)

சிக்கல் எட்டாம் நிமிடத்தில் எழுகிறது. குழியை விளிம்புவரை நிரப்பிவிட்டால், மாவு உப்பித் தகரக் குமிழுக்கு மேலேறி, நாற்புறமிருந்தும் வந்து கைகோத்துக்கொள்ளும். ஓவன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளை மூடுகிறது. என்றுமின்மைக்கு முடிவு நேர்கிறது! முடிவுள்ள ஒன்று எப்படி என்றுமின்மையாகும்? தருக்க நூல் முழுவதும் சரியும் இடம் இது. சுவடி ‘முக்கால் குழி’ என்று விதித்தது சிக்கனம் கருதியன்று, அளவை நூலைக் காக்கும் பொருட்டே என்பது இப்போது விளங்கும். மூன்றில் இரண்டு பங்கே போதும் என்று கூறி இன்னும் கண்டிப்பாகத் தருக்கத்தைக் காப்பாரும் உளர்.

கணிதமும் இதற்குத் துணை. டோனட் வடிவத்தின் கனஅளவு 2π²Rr². R என்பது துளையின் மையத்திலிருந்து வளையத் தண்டின் நடுவரையுள்ள தூரம். r என்பது தண்டின் ஆரம். r வர்க்கமாக்கப்படுவதைக் கவனிக்க. தண்டு பத்து விழுக்காடு பருக்க வேண்டுமானால் மாவு இருபத்தொரு விழுக்காடு கூட வேண்டும். அதாவது ‘இன்னும் ஒரு சொட்டு ஊற்றினால் என்ன’ என்று எண்ணுபவர் ஒரு சொட்டோடு நிற்பதில்லை. கரண்டியைவிட, நுனி வெட்டிய பால் கவரில் மாவை நிரப்பிப் பிழிந்தால் கை கட்டுப்படும். (இயல் 4 இதனால் வலுப்பெறுகிறது.)

இடத்தியல் கணிதர்களுக்குத் துளையின் எண்ணிக்கை ஒன்றே பொருள், வடிவம் பொருட்டன்று. 2016-இல் இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பரிசுக் குழுவைச் சேர்ந்த டோர்ஸ் ஹான்ஸ் ஹான்சன் மேடையிலேயே துளையில்லாத பன், ஒரு துளையுள்ள பேகல், இரு துளையுள்ள பிரெட்சல் ஆகியவற்றை எடுத்துக் காட்டி இதை விளக்கினார். இவர்கள் கணக்கில் கைப்பிடியுள்ள காபிக் கோப்பையும் டோனட்டும் ஒன்று. கைப்பிடி வளையம்தான் துளை. அமெரிக்கர் டோனட்டைக் கோப்பைக் காபியில் தோய்த்துத் தின்பது இனம் இனத்தோடு சேர்வதேயாம். நம் டம்ளருக்கும் டபராவுக்கும் காது கிடையாது. ஆகவே அவை இடத்தியலின்படி பன்னோடு சேரும், டோனட்டோடு சேரா. இத்தனை ஆண்டு பன்னைக் காபியில் முக்கித் தின்றவர்கள் அறியாமலே கணித ஒழுக்கம் பேணியிருக்கிறார்கள் என்பது இவ்வாய்வின் இரண்டாம் கண்டுபிடிப்பு.

ஒன்றினொன்றின்மை: டோனட் வடை அன்று, வடை டோனட் அன்று. இதை ஏற்காத பெரியப்பாக்கள் உளர். முன்னின்மை: ‘ஆயிடுச்சா?’ என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சமையலறை வாசலில் கேட்கப்படுவது.

துளையால் பயன் உண்டா எனின், உண்டு. நடுவிலுள்ள தகரக் குமிழும் சூடேறி உள்ளிருந்து மாவை வேகவைக்கிறது. அதே மாவை மஃபின் கிண்ணத்தில் ஊற்றினால் பதினெட்டு, இருபது நிமிடம் பிடிக்கும். துளையிருப்பதால் பன்னிரண்டுக்குள் முடிகிறது. இந்த ஒரு வரியை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். அப்படிச் சொன்னால் இயல் இராது.

இயல் 6: பெர்ரி இலக்கணம்

பெர்ரியாவது யாது? தாவரவியலார் விடை: ஒரு பூவின் ஒரே சூலகம் முழுவதும் சதைப்பற்றாகப் பழுத்து, விதையைச் சுற்றிக் கல்போன்ற ஓடு இல்லாமல் இருப்பது. இவ்விதியின் கீழ் ஸ்ட்ராபெர்ரி பெர்ரி அன்று. அதன் சிவந்த சதை பூவின் அடித்தண்டு உப்பியது, மேலே ஒட்டியிருக்கும் விதைகள் எனப்படுபவையே அதன் உண்மையான கனிகள். ராஸ்ப்பெர்ரி அன்று, அது பல சிறு கனிகளின் கூட்டம். முசுக்கொட்டைப் பழமும் அன்று. பெர்ரியாவன: தக்காளி, வாழைப்பழம், கத்தரிக்காய், பச்சை மிளகாய்.

எனவே ‘பெர்ரிப் பூச்சு’ என்னும் தொடரை இலக்கண வழுவின்றிக் கொள்பவர் கத்தரிக்காயைத்தான் மசித்துப் பூச வேண்டும். துறையறிஞர் எவரும் இதுவரை செய்து காட்டவில்லை. தம் வரையறையைத் தாமே தின்று பார்க்கும் வழக்கம் அறிவுலகில் அருகியே காணப்படுகிறது.

வணிகரிடையே வழங்கும் வரையறை வேறு. ஸ்ட்ராபெர்ரி உண்மையில் பெர்ரிதானா என்று கேட்டபோது பழக்கடைக்காரர் கூறியது: ‘பெர்ரின்னு டப்பால போட்டிருக்கு சார். வேணுமா, வேணாமா?’ (பழக்கடைக்காரர், தராசுக்குப் பின்னாலிருந்து, பின்னால் நின்ற அம்மையாருக்குக் கொத்தமல்லி கட்டிக்கொண்டே, சில்லறை கேட்பதற்குச் சற்று முன்பு, கூற்றின் இறுதிப் பகுதி அச்சிடத் தக்கதன்று.) இவ்வாய்வாளர் அறிந்த வரையறைகளுள் இதுவே நடைமுறைக்கு ஏற்றது.

இரு கட்சிக்கும் பொதுவான தீர்வு ஒன்று தேனி மாவட்டத்தில் விளைகிறது. திராட்சை தாவரவியலின்படி ஐயமற்ற பெர்ரி. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விலையும் ப்ளூபெர்ரி டப்பாவின் விலையன்று. தோலில் நிறம் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, மணம் இருக்கிறது. விதை மட்டும் வடிகட்ட வேண்டும். ஔவைக்கு முருகன் உலுக்கிய நாவலையும் தாவரவியலார் பெர்ரி என்றே எழுதுகிறார்கள். ஆனால் பருவம் குறுகியது, மண் ஒட்டியிருக்கும், கேள்விகளும் கூடவே வரும்.

மாவில் சேர்க்கும் பழத்தைச் சிறு துண்டாக்கி, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிச் சேர்த்தால் அடியில் போய்த் தங்காது என்பது மரபு. மாவு கெட்டியாயிருந்தால் புரட்டாவிட்டாலும் தங்காது. நீர்த்திருந்தால் புரட்டினாலும் தங்கும். எனினும் புரட்டுவதைக் கைவிட எவரும் துணிவதில்லை. ஆய்வேட்டில் ‘அணுகுமுறைகள்’ என்றொரு பகுதி ஏன் இருக்கிறதோ, அதற்காகவே இதுவும் இருக்கிறது.

நீலமும் ஊதாவுமான பழங்களை மாவில் இடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் நிறப்பொருளான ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமும் பச்சையுமாக மாறும். சோடா ஒரு சிட்டிகை மிஞ்சினால் பழத்தைச் சுற்றிப் பாசி படர்ந்த நிறத்தில் வளையம் தோன்றும். கெட்டுப்போகவில்லை, தின்னலாம். ஆனால் அதை விருந்தினருக்கு விளக்குவதற்குள் டோனட் ஆறிவிடும்.

இயல் 7: பூச்சு

பழம் இரு கைப்பிடி, ஒரு ஸ்பூன் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சைச் சாறு. சிறு தீயில் பாதியாகச் சுண்டும்வரை வேகவைத்து, மசித்து, வடிகட்டி, ஆறவிட வேண்டும். சலித்த ஐசிங் சுகர் ஒரு கப்புக்கு இந்தச் சாற்றில் இரண்டு பெரிய ஸ்பூன். எலுமிச்சை சுவைக்காக மட்டுமன்று, மேற்சொன்ன நிறத்துக்காகவும்.

ஐசிங் சுகர் இல்லாதவர் சர்க்கரையை மிக்சியில் பொடித்து ஒரு ஸ்பூன் சோளமாவு சேர்க்கலாம். கடையில் வாங்குவதிலும் கட்டி பிடிக்காமலிருக்க மாவுச்சத்து கொஞ்சம் கலந்தே வருகிறது. சுண்டாத சாற்றை அப்படியே ஊற்றுவோரின் பூச்சு டோனட்டின் மேல் நில்லாமல் வழிந்து துளைவழி இறங்கித் தட்டில் குளமாகும். துளை நிரம்பினால் அது துளையா என்ற வினா இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. இயல் 5-ஐ இரண்டாம் பாகமாக விரிக்க இவ்வாய்வாளர் ஆயத்தமாக இருந்தும் வீட்டார் இசையவில்லை.

டோனட் சூடாயிருக்கும்போது தோய்த்தால் பூச்சு உருகி மாவுக்குள் போய்விடும். முழுவதும் ஆறியபின் தோய்த்தால் மேலே தனி ஏடாக நிற்கும், கடித்தால் உதிரும். கைபொறுக்கும் இளஞ்சூடே பதம். பின் கம்பித் தட்டில் வைத்தால் அரை மணியில் இறுக வேண்டும். ‘வேண்டும்’ என்றதை நோக்குக. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. சென்னைப் புழுக்கத்தில் பூச்சு இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும், விரலோடு வரும். கொடைக்கானலில் இறுகும். எனவே குளிர்நாட்டுச் சமையல் நூல்கள் கூறும் ‘இறுகும்வரை காத்திருக்கவும்’ என்பதை நம் கடற்கரை ஊர்களில் அப்படியே பின்பற்றுவோர், கோட்பாட்டை இறக்குமதி செய்து அதற்கேற்ற தட்பவெப்பம் வரும்வரை காத்திருக்கும் திறனாய்வாளர் நிலையையே அடைவர்.

இயல் 8: வாய்மொழித் தேர்வு

தேர்வு பொதுமக்கள் முன்னிலையில், மாலைக் காபி வேளையில் நடைபெற்றது. அகத்தேர்வாளர்கள் இருவரும் பள்ளிச் சீருடையைக் கழற்றாமலே வந்து, வினா எதுவும் தொடுக்காமல், ஆறு சான்றுகளுள் நான்கை ஆராய்ந்து முடித்தனர். புறத்தேர்வாளராக மாயவரத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, பாதியைத் தின்றபின் கேட்டார்:

‘ஏம்ப்பா, இதுல எண்ணெயே விடலையா?’

‘இல்லை பெரியம்மா. ஓவன்ல சுட்டது.’

‘அப்ப நடுவுல ஓட்டை எதுக்கு?’

ஆய்வாளர் 1847-இல் தொடங்கினார். ஆஸ்டர் ஓட்டல் வழியாக லூயிஸ் இணையரை அடைந்து, என்றுமின்மைக்கும் அழிவுபாட்டின்மைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி, டபராவுக்குக் காதில்லாமையைச் சுட்டிக்காட்டும்போது பெரியம்மா மீதிப் பாதியையும் முடித்துவிட்டிருந்தார். அவை அமைதியாக இருந்தது. கீழ்மனையார் மட்டும் சன்னல் வழியே, மாவில் கட்டி இருந்ததா என்று கேட்டார். அவ்வினா ஆய்வு எல்லைக்கு வெளியே அமைவதாக முடிவு செய்யப்பட்டது.

தேர்வாளர் அறிக்கை: ஆய்வாளர் கேட்ட கேள்விகளுக்கு ஏற்ற விடையளித்தார். துளை பற்றிய இயலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதை நூலாகவே வெளியிடலாம். பூச்சு நன்றாக இருந்தது.

மீதமிருந்த ஒரு டோனட், பயணப்படியாக, எவர்சில்வர் டப்பாவில் போட்டு அவரிடம் கொடுக்கப்பட்டது.